யார் கையில் எத்தனை சாவி?

வாசகர் கேள்வி – பதில்

செங்கோட்டை பஜாரில் பூட்டு, சாவி, கதவுச் சாமான் கடை வைத்து 27 வருஷம் ஆகிறது. ஆடி முடிந்தால் பால் காய்ச்சுகிற முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குடிபோகிற வீட்டின் பூட்டைப் பற்றியே இருக்கின்றன. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டதில் பலவும் அதற்குள் அடங்கிவிடும்.

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டைக்குள்ளேயே ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கியிருக்கிறோம். விற்றவர்கள் மூன்று தலைமுறையாக எங்களுக்குத் தெரிந்த குடும்பம். பத்திரம் முடிந்த அன்றே மூன்று சாவியையும் மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்துத் தந்தார்கள். என் வீட்டுக்காரர் புனலூரில் வேலை பார்க்கிறார், வாரம் ஒரு தடவைதான் வருவார். நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்தான் வீட்டில் இருப்போம். பூட்டை மாற்றிவிடலாம் என்கிறேன் நான். "தாம்பாளத்துல வச்சுத் தந்த சாவிய மாத்துனா அவுகள நம்பலன்னு ஆயிரும்" என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, செங்கோட்டை

பதில்: மாற்றிவிடுங்கள் தங்கச்சி. குடிபோகும் முன்பே மாற்றிவிடுங்கள். அத்தைக்கு என்ன சொல்வது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1999-இல் நாங்கள் பண்பொழி ரோட்டில் ஒரு வீடு வாங்கிக் குடிபோனோம். விற்றவர் நல்ல மனிதர். இரண்டு சாவி தந்தார், "இவ்வளவுதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் கிடையாது. மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் கடையில் இருக்கிறேன். வீட்டில் மனைவி அடுக்களையில் வேலையாக இருக்கிறாள், பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது. முன்கதவில் சாவி நுழைகிற சத்தம். நான்தான் சாப்பிட வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கதவு திறந்தது, மூடியது. யாரோ குடையைச் சுவர் மூலையில் சாய்த்து வைத்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், தலை நரைத்த பெரியவர் ஒருவர் திண்ணைப் பக்கத்துப் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது அந்தப் பெரியவரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டை விற்றவருக்கு அவர் பெரியப்பா முறை. கொல்லத்தில் மகன் வீட்டில் இருக்கிறவர். இங்கே ஒரு நிலத்துக் குத்தகைப் பணம் வாங்க வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், வெயில் தாழும்வரை அந்த வீட்டில் கொஞ்சம் படுத்துவிட்டுப் போவார். அதற்காக எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் தம்பி, அதாவது விற்றவரின் அப்பா, ஒரு சாவி செய்து கொடுத்திருக்கிறார். அந்தத் தம்பி இறந்துபோனார். அண்ணனிடம் ஒரு சாவி இருக்கிற விஷயம் மகனுக்குத் தெரியவே தெரியாது. வீடு கைமாறிய சேதியை இவருக்கும் யாரும் சொல்லவில்லை.

நீர்மோர் கொடுத்து உட்காரவைத்தோம். போகும்போது மடியிலிருந்து அந்தச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பித்தளைச் சாவி, சிவப்புக் கயிற்றில் கட்டியது. நகலைப் பார்த்து எடுத்த நகல் என்று பார்த்ததுமே தெரிந்தது. பல்லெல்லாம் மழுங்கி இருந்தது. இருந்தும் அந்தப் பூட்டைத் திறந்தது. இன்றைக்கும் அதைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலமே வீட்டுப் பூட்டை மாற்றினேன். வந்தவர் நல்லவராக இருந்தார், அதனால் மோரோடு முடிந்தது. தொட்டிலில் தூங்கிய பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

ஒரு வீட்டின் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது, தங்கச்சி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்குமே என்று பக்கத்து வீட்டில் ஒன்று கொடுத்திருப்பார்கள். ஊருக்குப் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரிடம் கொடுத்திருப்பார்கள். முன்பு வாடகைக்கு இருந்தவர் ஒன்று செய்து வைத்திருப்பார். வெள்ளையடிக்க வந்தவரிடம் கொடுத்தது திரும்பி வந்திருக்கும், வருவதற்கு முன் அது எங்கெல்லாம் போனது என்று யாருக்குத் தெரியும்? சாதாரணச் சாவிக்கு நகல் எடுக்க மிஷினில் இரண்டு நிமிஷம் போதும், 50 ரூபாயோ 100 ரூபாயோ ஆகும். யார் வீட்டுச் சாவி, எதற்கு நகல் என்று எந்தக் கடையிலும் கேட்பதில்லை. மூன்று சாவி தந்தார்கள் என்றால் மூன்று சாவி தந்தார்கள், அவ்வளவுதான். நான்காவது இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நாளைக்கே வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பூட்டே இருந்தால் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? மூன்று தலைமுறையாகப் பழகிய அந்தக் குடும்பத்தின் மேல்தான். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனசுக்குள் ஒரு நிமிஷம் ஓடத்தான் செய்யும். பூட்டை மாற்றிவிட்டால் அவர்கள் பேர் அந்தப் பேச்சிலேயே வராது. அவர்களுடைய மரியாதையைக் காப்பாற்றத்தான் மாற்றுகிறோம். தாம்பாளத்தில் வந்த மூன்று சாவியையும் மஞ்சளோடு சாமி மாடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வீடு விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாவியைக் கொடுக்கும்போது "பூட்டை மாத்திக்கிடுங்க" என்று நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். வாங்குகிறவருக்குச் சங்கடம் பாதி குறையும்.

சரி, வேலைக்கு வருவோம். பூட்டை மாற்றுவது என்றதும் கதவையே செதுக்க வேண்டும், ஆசாரி இரண்டு நாள் நிற்பார் என்று பயப்பட வேண்டாம். உங்கள் கதவில் எந்த மாதிரிப் பூட்டு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கொண்டியில் தொங்கும் பூட்டு என்றால் புதுப் பூட்டு வாங்கினால் முடிந்தது. ஆனால் பூட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கொண்டியையும் நாதாங்கியையும் பிடித்திருக்கிற திருகாணியின் தலை வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட்டைத் தொடாமலே ஒரு ஸ்குரூ டிரைவரால் கழற்றிவிடலாம். கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

கதவுக்கு உள்பக்கம் பெட்டி மாதிரி உட்கார்ந்து, வெளியே சாவித் துவாரம் மட்டும் தெரிகிற நைட் லாட்ச் என்றால், உள்பக்கத் திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதே துவாரத்தில் உட்காருகிற மாதிரிப் புதியது பார்த்துத் தரலாம்.

கைப்பிடியோடு கதவின் கனத்துக்குள்ளேயே புதைந்திருக்கிற மார்ட்டைஸ் பூட்டு என்றால் வேலை இன்னும் சுலபம். இரண்டு பக்கமும் சாவி நுழைகிற உருளையை, சிலிண்டர் என்கிறோம், அதை மட்டும் மாற்றினால் போதும். கதவைத் திறந்து, அதன் விளிம்பில் பூட்டுத் தகட்டைப் பாருங்கள். சிலிண்டருக்கு நேராக ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் ஓர் இடத்தில் சிலிண்டர் நழுவி வெளியே வரும். அளவு எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மொத்த நீளம் 60 மில்லிமீட்டரா 70-ஆ என்பது மட்டும் போதாது. திருகாணித் துவாரத்தின் நடுவிலிருந்து உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும், இரண்டும் சமமாக இல்லாத கதவுகளும் உண்டு. வெளிப்பக்கம் சிலிண்டர் தகட்டை விட்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து ஒடித்துவிடலாம். திருகாணி போகிற இடத்தில்தான் சிலிண்டர் மெலிந்திருக்கும், அங்கேயே இரண்டாக உடையும்.

நல்ல பூட்டாக இருந்து, தூக்கிப்போட மனசு வராவிட்டால், உள்ளே இருக்கிற ஊசிகளை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861-இல் காப்புரிமை வாங்கிய அதே அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான வீட்டுப் பூட்டுகளில் இருக்கிறது. உருளைக்குள் வரிசையாக ஐந்தோ ஆறோ குழி, ஒவ்வொரு குழியிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஊசி, மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் அதன் பல் ஒவ்வொரு ஊசியையும் தேவையான உயரத்துக்குத் தூக்கி, இரண்டு ஊசியும் சந்திக்கிற இடங்களை எல்லாம் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும். அப்போதுதான் உருளை திரும்பும். நான் இந்த வேலையைச் செய்யும்போது மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்வேன். ஊசி ஒவ்வொன்றும் நெல்மணி அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது. பழைய ஊசிகளைத் தட்டிவிட்டு, புதுச் சாவியை உள்ளே வைத்து, அதன் பல்லுக்கு ஏற்ற நீளத்தில் ஒவ்வொன்றாக இடுக்கியால் இறக்குவேன். முடிந்ததும் பழைய சாவியைப் போட்டுத் திருப்பச் சொல்வேன். அது அசையாமல் நிற்பதை வீட்டுக்காரர் தன் கையாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் பழக்கம்.

அப்புறம், முன்வாசலோடு நின்றுவிடாதீர்கள். செங்கோட்டைத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும், பின்னால் ஒரு சந்து போகும். முன்கதவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் புறவாசல் கதவில் ஒற்றைத் தாழ்ப்பாளோடு இருக்கிற வீடுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். மச்சுப்படிக் கதவு, மோட்டார் அறை, விட்டுவிட்டுப் போன பழைய பீரோ, எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். கதவு நிலையில், பூட்டிலிருந்து நீளும் நாக்கு போய் விழுகிற தகட்டுக்கு அரை அங்குலத் திருகாணி போட்டிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு இரண்டரை, மூன்று அங்குலத் திருகாணி போட்டு நிலைமரத்துக்குள் நன்றாக இறக்குங்கள். எவ்வளவு விலை உயர்ந்த பூட்டாக இருந்தாலும் ஓங்கி உதைக்கும்போது தாங்குவது அந்தத் திருகாணிதான்.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், ஆசாரிக்கு இடம் இருக்காது. முந்தின நாளே முடித்துவிடுங்கள். புதுப் பூட்டை மாட்டியதும் கதவைச் சாத்தாதீர்கள். திறந்திருக்கும்போதே சாவியைப் போட்டு இரண்டு பக்கமும் பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். நாக்கு சரளமாக வந்து போனால் மட்டும் சாத்துங்கள். இதைச் செய்யாமல் சாத்திவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

கேள்வி: நாங்கள் கட்டியிருப்பது புத்தம் புது வீடு. பூட்டும் புதுசு. எங்களுக்கும் இந்த மாற்று வேலை தேவையா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பூட்டு மாட்டிய நாளிலிருந்து நீங்கள் குடிபோகிற நாள்வரை யார் யார் கையில் சாவி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மேஸ்திரி, டைல்ஸ் போட்டவர், வயரிங் பார்த்தவர், பெயின்டர், அலமாரி செய்தவர். பல இடங்களில் சாவியை ஜன்னல் விளிம்பிலோ செங்கல்லுக்கு அடியிலோ வைத்துவிட்டுப் போவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலாளிகளை நான் குறை சொல்லவில்லை, அவர்களோடுதான் என் பிழைப்பு. ஆனால் எண்ண முடியாத சாவி எண்ண முடியாததுதான். வேலை நடக்கிறவரை மலிவான சிலிண்டர் ஒன்றைப் போட்டு வைத்து, கடைசி ஆள் வெளியேறியதும் நல்லதை மாட்டுங்கள். நல்ல பூட்டு சிமென்ட் தூசியிலிருந்தும் தப்பிக்கும்.

கேள்வி: தென்காசியில் வாடகை வீட்டில் நானும் என் மகளும் இருக்கிறோம். வீட்டு உரிமையாளர் ஒரு சாவி வைத்திருக்கிறார். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன நேரத்தில் இரண்டு முறை உள்ளே வந்து போயிருக்கிறார். "மோட்டார் பாக்க வந்தேன்" என்கிறார். பூட்டை மாற்ற எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு மனசு சரியில்லை அம்மா. அவர் எதற்காக வந்தாலும் சொல்லாமல் வந்தது தப்பு. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றி 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் உரிமையாளர் உள்ளே வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கதவின் கைப்பிடி, பூட்டு மாதிரியானவற்றைப் பார்த்துக்கொள்வதை வாடகைதாரர் பொறுப்பில்தான் அது வைத்திருக்கிறது.

இருந்தாலும் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் பூட்டைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "சிலிண்டரை மட்டும் என் செலவில் மாற்றுகிறேன், காலி செய்யும்போது உங்கள் பழைய சிலிண்டரையே மாட்டித் தந்துவிடுகிறேன்" என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருப்பது நல்லது. பழையதை அதன் திருகாணியோடு துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். அவசரத்துக்கு ஒரு சாவி வேண்டும் என்று அவர் கேட்டால், ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பிரித்தால் தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் நேரத்துக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் ஒன்று மேலே, ஒன்று கீழே கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: கம்ப்யூட்டர் சாவிப் பூட்டு வாங்கினால் நகலே எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா அண்ணாச்சி?
— வாசகர், கடையநல்லூர்

பதில்: பல்லுக்குப் பதிலாகத் தட்டையான பரப்பில் சின்னச் சின்னக் குழி போட்டிருக்கும் சாவியைத்தான் கம்ப்யூட்டர் சாவி என்கிறார்கள். அதில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. தெருவோரத்து அரத்தால் செய்ய முடியாது என்பது உண்மை. அதற்கென்று இருக்கிற மிஷினில் செய்யலாம், அந்த மிஷின் இப்போது நம்ம பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறது. கூடவே ஓர் அட்டை தருகிற பூட்டுகள் உண்டு. அந்த அட்டையைக் காட்டினால்தான் கம்பெனி புதுச் சாவி தரும். அது நல்ல ஏற்பாடு, அட்டையைச் சாவியோடு சேர்த்து வைக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கிரகப்பிரவேசத்தன்று புதுச் சாவியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். சாவியின் ரகசியம் முழுக்க அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. படத்தில் பல் தெளிவாகத் தெரிந்தால் விஷயம் தெரிந்தவருக்கு அதுவே போதும். 2008-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், கட்டட மாடியிலிருந்து ஏறத்தாழ 200 அடி தூரத்தில் மேஜையில் கிடந்த சாவியைப் படம் எடுத்து, அதைக் கொண்டே அதன் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம் கையில் இருக்கும் போன் கேமரா இன்றைக்கு ஒரு முழம் தூரத்தில் எடுக்கிறது. சாவியில் எண் பொறித்திருந்தால் அதுவும் வெளியே தெரியக் கூடாது.

கேள்வி: போன மாசிதான் பூட்டு மாற்றினோம். சாரல் தொடங்கியதிலிருந்து சாவி திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. பூட்டில் கோளாறா?
— வாசகி, புளியரை

பதில்: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது சரளமாகத் திரும்பினால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. சாரல் ஈரத்தில் பலகை ஊறிப் பெருத்திருக்கிறது, நாக்கு நிலைத் தகட்டின் துவாரத்துக்கு நேராகப் போய் விழவில்லை. அவசரப்பட்டுக் கதவை இழைத்துவிடாதீர்கள். இப்போது இழைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கி விரல் நுழைகிற இடைவெளி விட்டுவிடும். நாக்கின் நுனியில் கொஞ்சம் கண்மை தடவிக் கதவைச் சாத்திப் பாருங்கள். தகட்டில் எங்கே கரி ஒட்டுகிறதோ அந்தப் பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் அரத்தால் ராவினால் போதும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் இனி வேண்டாம் தங்கச்சி. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது. மார்கழிக் காலையில் நம்ம ஊரில் பாட்டிலிலேயே கட்டியாகிவிடுகிறதே, பூட்டுக்குள் ஸ்பிரிங்கையும் ஊசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளாதா? மற்ற நாளில் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியின் மேல் தடவி நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள், கிராஃபைட் தூள் என்று கடையில் கிடைப்பதும் அதேதான். மழை நேராக அடிக்கிற வெளிக்கேட்டுக்குப் பித்தளைப் பூட்டு போடுங்கள், துரு ஏறாது. திண்டுக்கல் பூட்டு கிடைத்தால் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. அங்கே இன்னும் கையால் ராவிச் செய்கிற மாங்காய்ப் பூட்டைக் கையில் வைத்தாலே அதன் கனம் தெரியும்.

கேள்வி: என் மகன் கொச்சியில் பிளாட் வாங்கியிருக்கிறான். பழைய உரிமையாளர் விரல் ரேகை வைக்கிற டிஜிட்டல் பூட்டை அப்படியே விட்டுப் போயிருக்கிறார். அதற்குச் சாவி இல்லையே, மாற்ற வேண்டியது இல்லைதானே?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ரேகை, ரகசிய எண், கார்டு, போன் ஆப் எல்லாமே சாவிதான். பழைய உரிமையாளர் குடும்பத்தார், வேலைக்காரம்மா, யார் யார் விரல் அதில் பதிந்திருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. எல்லாவற்றையும் அழித்து, கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விட்டுப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். முக்கிய எண்ணையும் மாற்ற வேண்டும். ஆப் இருந்தால் பழையவர் தன் போனிலிருந்து நீக்குவதை மகன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பெரும்பாலான டிஜிட்டல் பூட்டுகளில் ஒரு மூடிக்குப் பின்னால் சாதாரணச் சாவித் துவாரமும் ஒளிந்திருக்கும். அதற்கான சாவி எல்லாம் கைக்கு வந்ததா என்று கேளுங்கள், முடிந்தால் அந்தச் சிலிண்டரையும் மாற்றிவிடுங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க அடியில் ஏதாவது முனை இருக்கிறதா என்பதையும் முதல் நாளே பார்த்து வைக்கட்டும்.

கேள்வி: தாத்தா கட்டிய வீடு இப்போது எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. பலாப்பலகைக் கதவு, ஒரு சாண் நீளச் சாவி போடுகிற பழைய இரும்புப் பூட்டு. சாவி ஒன்றுதான் இருக்கிறது. இதைப் பெயர்த்துவிட்டுப் புதுப் பூட்டு போடச் சொல்கிறார் ஆசாரி. செய்யலாமா?
— வாசகர், ஆரியங்காவு

பதில்: பெயர்க்கவே பெயர்க்காதீர்கள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது. மலைக்கு இந்தப் பக்கமும் உங்கள் வீட்டுக் கதவு மாதிரியே கதவுகள் இன்னும் நிற்கின்றன. என் பாட்டி கடைசிவரை சாவி என்று சொன்னதில்லை, உங்கள் ஊர் மலையாளத்தில் சொல்கிற மாதிரி தாக்கோல் என்றுதான் சொல்வாள். தாழைத் திறக்கிற கோல், தாழ்க்கோல். நம்ம பழைய சொல்தான் அது. அந்தப் பூட்டைப் பெயர்த்தால் கதவில் ஒரு கை நுழைகிற ஓட்டை விழும், அதை அடைக்க ஒட்டுப் போட்டால் பலகையின் பலம் போய்விடும்.

பூட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் மேலே உள்பக்கமாக ஒரு நைட் லாட்ச் வைக்கச் சொல்லுங்கள். வெளியே ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய துவாரம் ஒன்றுதான் விழும். தினசரிக்கு அது போதும். பழைய பூட்டைப் பழகிய ஆளிடம் கழற்றிக் கொடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள், ஊருக்குப் போகிற நாட்களில் இரண்டையும் பூட்டலாம். அந்த ஒற்றைச் சாவி தொலைவதற்கு முன் இன்னொன்று அடித்து வைத்துக்கொள்ளுங்கள். மிஷினில் ஆகாது, கொல்லரிடம் உட்கார்ந்து அடிக்க வேண்டும். உங்கள் பக்கம் ஆள் இல்லை என்றால் செங்கோட்டைக்கு வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன். அதற்கு முன்னால் கதவையும் பூட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சாவி படத்தில் வர வேண்டாம்.